அவசர சிகிச்சைப் பிரிவு: விரிவாக்கங்களின் வரலாறு

மருத்துவமனையின் பிரிவுகளில் வயதில் இளையவற்றுள் ஒன்று அவசர சிகிச்சைப் பிரிவு. வார்டு, அறுவை அரங்கு, மருந்தகம், பிணவறை எல்லாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குள் கட்டட வரைபடத்தில் தங்களுக்கென இடம் பிடித்துவிட்டன. அவசரமாகத் தூக்கிவரப்படுபவருக்கு மட்டும் வாயிற்கதவுக்குப் பின்னால் ஓர் அறை, அவ்வளவுதான். அந்த அறை தனி வாசலும் முழுநேர மருத்துவர்களும் கொண்ட துறையாக மாறத் தொடங்கியது 1960களில்தான். அதன் பிறகும் கட்டி முடித்தாயிற்று என்று சொல்லும் நிலை அதற்கு வாய்க்கவில்லை. திறந்த சில ஆண்டுகளில் இடம் போதாமல் போவதும், பக்கத்துச் சுவரை இடித்து விரிப்பதும், விரித்தது மறுபடி நிரம்புவதுமாகவே அதன் கட்டட வரலாறு நகர்ந்திருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் நன்கொடையால் நடந்த மருத்துவமனைகளில் ஏழை நோயாளி சேர வேண்டுமானால் நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். சேர்க்கைக்கெனக் குறித்த நாளும் உண்டு. விபத்தில் அடிபட்டவருக்கு மட்டும் இந்த இரண்டு விதியும் கிடையாது. சாரத்திலிருந்து விழுந்த கொத்தனாரையும் வண்டிச் சக்கரத்தில் சிக்கிய சிறுவனையும் எந்த நேரத்திலும், கடிதம் இல்லாமலே ஏற்றார்கள். பின்னாளைய அவசரப் பிரிவு முளைத்தது இந்த விதிவிலக்கிலிருந்துதான். கட்டடத்தில் அதற்குக் கிடைத்த வடிவம் மிக எளியது: பிரதான வாசலை ஒட்டி, காவலாளியின் பார்வை படும் இடத்தில், ஒரு பெஞ்சும் ஒரு மேசையும் போட்ட அறை.

அடிபட்டவர்களை வகைபிரிக்கும் முறை உருவான இடம் மருத்துவமனை அல்ல, போர்க்களம். நெப்போலியனின் படை அறுவை மருத்துவர் டொமினிக் ஜான் லாரே 1790களில் குதிரை பூட்டிய விரைவு ஆம்புலன்ஸ்களை அமைத்தார். பதவியும் படைப்பிரிவும் பாராமல், காயத்தின் கடுமையை வைத்தே சிகிச்சைக்கு முன்னுரிமை தந்தார். டிரையேஜ் என்று இன்று சொல்லப்படும் இந்த முறை நகர மருத்துவமனைகளின் கட்டடத்துக்குள் வந்துசேர ஏறக்குறைய நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் மருத்துவமனைக் கட்டடக் கலையின் கவலை முழுவதும் காற்றைப் பற்றியது. பாரிஸின் லாரிபுவாசியேர் மருத்துவமனை 1854-இல் காட்டிய வழியில், ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் தனித்தனிக் கூடங்களாகப் பிரிந்து நிற்கும் வார்டுகளை வற்புறுத்தினார். 1859-இல் வெளிவந்த அவருடைய மருத்துவமனைக் குறிப்புகள் எதிர்ச் சன்னல்கள், கூரை உயரம், படுக்கைகளுக்கிடையே உள்ள இடைவெளி ஆகியவற்றை நுணுக்கமாக வகுத்தன. 1871-இல் திறக்கப்பட்ட லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை அந்தக் கொள்கைக்கு எழுப்பிய மாளிகை. உள்ளே படுத்திருப்பவருக்காக இவ்வளவு யோசித்த அந்த நூற்றாண்டு, வாசலில் வந்து நிற்பவரைப் பற்றி அதே அக்கறையோடு யோசிக்கவில்லை.

அந்த அலட்சியத்தின் விளைவைப் பதிவு செய்தவர், பின்னாளில் இங்கிலாந்தின் அரசவைக் கவிஞரான ராபர்ட் பிரிட்ஜஸ். செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் கேஷுவாலிட்டி பிரிவில் மருத்துவராக இருந்தபோது, 1878-இல் அதன் நிலைமையை ஓர் அறிக்கையாக எழுதினார். ஓராண்டில் அவர் ஒருவரே பார்த்த நோயாளிகள் 30,000-க்கும் மேல். ஒருவருக்குக் கிடைத்த நேரம் சராசரியாக ஒன்றேகால் நிமிடத்தைச் சற்றே தாண்டியது. காயம்பட்டவரும் காய்ச்சல்காரரும் நாள்பட்ட இருமல்காரரும் ஒரே கூடத்தில் ஒரே வரிசையில் காத்திருந்தனர். அவசரப் பிரிவு விபத்துக்காக மட்டும் இயங்கியதில்லை, வேறு மருத்துவர் இல்லாத ஏழைகளின் முதல் வாசலாகவும் இருந்தது என்பதற்கு அந்த அறிக்கை நல்ல சான்று. இந்த இரட்டைப் பணியைக் கணக்கில் கொள்ளாமல் பின்னர் வரையப்பட்ட வரைபடங்கள் பலவும் இதனாலேயே தோற்றன.

நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை 1869-இல் ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கியது. அதை அமைத்தவர் உள்நாட்டுப் போரில் படை மருத்துவராக இருந்த எட்வர்ட் டால்டன். அதன் பின் நோயாளி வண்டியில் வரலானார். வண்டியோடு மருத்துவரும் வந்தார். கட்டடத்துக்கு இதனால் புதிய தேவைகள் பிறந்தன. வண்டி உள்ளே நுழைந்து திரும்ப முற்றம், மழை படாமல் இறக்கக் கூரை, படியில்லாத நுழைவு. இன்றைய ஆம்புலன்ஸ் நிறுத்தகத்தின் மூன்று இலக்கணங்களும் குதிரை வண்டிக் காலத்திலேயே வகுக்கப்பட்டவை.

விபத்துக்கெனத் தனிக் கட்டடம் என்ற எண்ணம் முதலில் உறுதிப்பட்டது ஐரோப்பாவில். வியன்னாவில் லோரென்ஸ் போலர் 1925-இல் விபத்து மருத்துவமனையைத் திறந்தார். தொழிலாளியின் உடைந்த எலும்பைச் சரியாகக் கூட்டிவிட்டால், ஆயுள் முழுக்க ஊனத்தொகை கொடுப்பதைவிடச் செலவு குறைவு என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எடுத்துச் சொல்லியே பணம் பெற்றார். கருணையைவிடக் கணக்கு கட்டடத்தை வேகமாக எழுப்பும் என்பதற்கு மருத்துவமனை வரலாற்றில் உதாரணங்கள் ஏராளம். இது அவற்றில் தெளிவானது. 1941-இல், போரின் நடுவே, இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பழைய குவீன்ஸ் மருத்துவமனைக் கட்டடத்தில் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனை தொடங்கியது. ஆலைத் தொழிலாளர்களின் காயங்களும் தீப்புண்களும் அங்கே தனி ஆய்வுத் துறையாயின. 1993-இல் அது மூடப்பட்டது. அதற்குள் விபத்துச் சிகிச்சை பொது மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டும், இதயமோ மூளையோ வயிறோ எந்த நிபுணரும் ஒரு நடைதூரத்தில் கிடைக்க வேண்டும் என்ற கருத்து வென்றிருந்தது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 1946-இன் ஹில்-பர்டன் சட்டம் கூட்டாட்சி அரசின் பணத்தில் நாடு முழுவதும் மருத்துவமனைகளை எழுப்பியது. அவற்றில் அவசர அறை என்பது பெரும்பாலும் கீழ்த்தளத்திலோ நிலவறையிலோ பின்புறத்தில் அமைந்த ஓரிரு அறைகள். சரிவுப் பாதையில் ஆம்புலன்ஸ் வசதியாக இறங்கும், இரத்தமும் கூச்சலும் முன்வாசல் பார்வையாளர் கண்ணில் படாது என்ற இரண்டு காரணங்கள் போதுமானவையாக இருந்தன. பணியாளர்களே அதைக் ‘குழி’ என்று அழைத்தார்கள். பயிற்சி மருத்துவரோ, முறைவைத்து அழைக்கப்படும் தோல் மருத்துவரோ, யார் அகப்பட்டாரோ அவர் பார்த்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடும்ப மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்க்கும் வழக்கம் தேய்ந்தது, கார்கள் பெருகின, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஒரே மருத்துவக் கதவாக அந்தக் குழி மட்டும் மிஞ்சியது. 1961-இல் வர்ஜீனியா மாநிலத்தின் அலெக்சாண்டிரியா மருத்துவமனையில் ஜேம்ஸ் மில்ஸ் உள்ளிட்ட நான்கு மருத்துவர்கள் தங்கள் சொந்த மருத்துவத் தொழிலை விட்டு அவசர அறையையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டனர். 1966-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணத்தை நவீன சமூகம் கண்டுகொள்ளாத நோய் என்று வருணித்து வெளியிட்ட அறிக்கை, ஆம்புலன்ஸும் அவசர அறையும் எவ்வளவு தரக்குறைவாக இருக்கின்றன என்பதை நாட்டுக்கு எடுத்துக் காட்டியது. 1968-இல் அவசர மருத்துவர்களின் ‘கல்லூரி’ என்ற தொழில் அமைப்பு, 1970-இல் சின்சினாட்டியில் முதல் மேற்பயிற்சி, 1979-இல் தனித்துறை அங்கீகாரம். பிரிட்டனில் ஹாரி பிளாட் தலைமையிலான குழு 1962-இல் சிறு சிறு கேஷுவாலிட்டிகளைக் குறைத்து, முழு வசதியுள்ள விபத்து மற்றும் அவசரப் பிரிவுகளாக ஒருங்கிணைக்கச் சொன்னது. பத்தாண்டு கழித்தே அவற்றுக்கெனத் தனி நிபுணர் பதவிகள் பரவலாக உருவாயின. முழுநேர மருத்துவர் வந்த பிறகுதான், அவர் எங்கே நின்றால் எல்லோரையும் பார்க்க முடியும் என்ற கேள்வியை ஒருவர் கட்டடக் கலைஞரிடம் கேட்க முடிந்தது.

அந்தக் கேள்விக்கு முதலில் கிடைத்த விடையை ‘நடனக் கூடம்’ என்று தொழில்வட்டாரத்தில் சொல்வார்கள். நடுவில் செவிலியர் மேடை. சுற்றுச் சுவரோரம் படுக்கைகள். ஒவ்வொன்றுக்கும் இடையே கம்பியில் ஓடும் திரைச்சீலை. தலைமாட்டுச் சுவரில் ஆக்சிஜன், உறிஞ்சு குழாய். மேடையில் இருப்பவர் ஒருமுறை சுற்றிப் பார்த்தால் எல்லோருடைய நிறமும் மூச்சும் தெரியும். கண்காணிப்பில் இதற்கு இணையான அமைப்பு இன்றுவரை இல்லை. ஆனால் திரை பார்வையை மறைக்குமே தவிர பேச்சை மறைக்காது, தொற்றையும் தடுக்காது. மேலும், இந்த அமைப்பை விரிக்கும்போது அதன் நன்மை தானே கரைந்துபோகும். பத்துப் பன்னிரண்டு படுக்கை வரை கூடம் கைக்குள் இருக்கும். முப்பதாக்கினால் நடுமேடைக்கும் சுவருக்கும் தூரம் கூடிப்போய், மூலைப் படுக்கை கண்ணுக்கு எட்டாமல் போய்விடும். விரிவாக்கத்தின் பேரில் கூடத்தை ஒரு பக்கமாக நீட்டிய மருத்துவமனைகளில் நீண்ட, வளைந்த, எங்கிருந்து பார்த்தாலும் பாதி தெரியாத பிரிவுகள் உருவாயின.

அடுத்து வந்தது பந்தயப் பாதை அமைப்பு. செவிலியர் மேடை, மருந்து, கையிருப்புப் பொருள்கள் எல்லாம் நடுக்கருவில், அதைச் சுற்றி நடைபாதை, வெளிவட்டத்தில் அறைகள். திரைச்சீலை இருந்த இடத்தில் சறுக்கும் கண்ணாடிக் கதவு வந்தது. பிரிவு இன்னும் பெரிதானபோது கருவும் பெரிதாகி, ஒருபுறம் நிற்பவருக்கு மறுபுறம் நடப்பது தெரியாமல் போனது. இதற்கு மாற்றாகப் பிரிவையே எட்டு முதல் பன்னிரண்டு அறைகள் கொண்ட தொகுதிகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் சிறு மேடை ஒன்று தரும் வழக்கம் பரவியது. கூட்டம் குறையும் அதிகாலையில் ஒரு தொகுதியை மூடி வைக்கலாம். தொற்று வந்தால் ஒன்றை மட்டும் ஒதுக்கலாம். இதற்கும் விலை உண்டு. ஒரு தொகுதியில் இரண்டே செவிலியர் இருக்கும் இரவில் இருவருக்குமே கை நிறைந்துவிட்டால், சுவருக்கு அப்பால் இருப்பவருக்கு அது தெரியாது. வரைபடத்தில் அழகாகத் தெரியும் தொகுதிகளை ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைகள் யோசித்தே ஏற்க வேண்டும்.

படுக்கைகளின் அமைப்பு ஒருபுறம் மாற, பிரிவுக்குள் எது இருக்க வேண்டும் என்பதும் மாறியது. பால்டிமோரில் ஆர். ஆடம்ஸ் கௌலி 1960 வாக்கில் இரண்டே படுக்கைகளோடு தொடங்கிய அதிர்ச்சிநிலை ஆய்வுப் பிரிவு, அடிபட்ட முதல் மணிநேரமே உயிரைத் தீர்மானிக்கிறது என்ற எண்ணத்தைப் பரப்பியது. அதன் பின் உயிர்மீட்பு அறை ஆம்புலன்ஸ் வாசலுக்கு நேர் எதிரே, திருப்பம் எதுவும் இல்லாமல் அமைவது விதியாயிற்று. நோயாளியின் நான்கு புறமும் ஆள் நிற்க இடம் வேண்டும் என்பதால் சாதாரண அறையைப் போல இரு மடங்கு பரப்பு கேட்டது அது. எக்ஸ்ரே பக்கத்து அறைக்கு வந்தது. 1971-இல் லண்டனில் முதல் நோயாளியைப் படம் பிடித்த சி.டி. ஸ்கேன், பக்கவாதத்துக்கும் தலைக்காயத்துக்கும் தவிர்க்க முடியாததாகி, பிற்காலத்தில் பிரிவுக்குள்ளேயே குடியேறியது. ராயல் லண்டன் மருத்துவமனை 1990-இல் கூரைமேல் ஹெலிகாப்டர் தளம் அமைத்தபோது, அங்கிருந்து கீழே இறங்கும் லிஃப்ட் உயிர்மீட்பு அறையின் இன்னொரு வாசலாயிற்று.

வாசலின் உட்புறத்தை மாற்றியது டிரையேஜ். 1960களின் முற்பகுதியில் அமெரிக்காவின் யேல் நியூ ஹேவன் மருத்துவமனையில் ரிச்சர்ட் வைனர்மனும் உடன் பணியாற்றியவர்களும் இதைப் பொதுமக்கள் மருத்துவமனையில் நடைமுறைப்படுத்தினர். 1990களில் ஆஸ்திரேலியாவின் ஐந்து நிலை அளவுகோலும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் முறையும் அதைத் தரப்படுத்தின. முன்பு பதிவு எழுத்தர் அமர்ந்த முதல் மேசையில் இப்போது அனுபவமுள்ள செவிலியர் அமர வேண்டியதாயிற்று. நடந்து வருபவருக்கு ஒரு வாசல், ஆம்புலன்ஸுக்கு ஒரு வாசல், இரண்டையும் ஒரே செவிலியர் பார்க்கும்படி ஒரு கண்ணாடிச் சுவர். சிறு காயங்களுக்கென விரைவுப் பகுதி பிரிந்தது. காத்திருக்கும் கூடம் டிரையேஜ் மேசையின் நேர்ப்பார்வைக்குள் வந்தது. மூலையில் மயங்கிச் சரிபவரை யாரும் கவனிக்காமல் விடக்கூடாது என்பதே காரணம்.

1980களுக்குப் பிறகு நெரிசல் புது வடிவம் எடுத்தது. அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டம், பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதே காலத்தில் செலவைக் குறைக்க உள்நோயாளிப் படுக்கைகள் வெட்டப்பட்டன. சிகிச்சை முடிந்து வார்டுக்குப் போக வேண்டியவர் படுக்கை கிடைக்காமல் அவசரப் பிரிவின் நடைபாதையிலேயே ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். இரண்டு ஸ்ட்ரெச்சர்கள் எதிரெதிரே கடக்கவென எட்டடி அகலத்தில் வரைந்த நடைபாதை ஒருவழிப் பாதையாகச் சுருங்கியது. இடம் போதவில்லை என்று மருத்துவமனைகள் முடிவு செய்து, பெரும் விரிவாக்கங்களில் இறங்கின.

அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக மருத்துவமனை 2005-இல் தன் அவசரப் பிரிவை 28 படுக்கையிலிருந்து 53 படுக்கையாக்கியது. ஏறக்குறைய இரட்டிப்பு. முன்னும் பின்னும் அளந்து பார்த்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இடமில்லை என்று ஆம்புலன்ஸ்களைத் திருப்பி அனுப்பும் நேரம் குறையவில்லை. நோயாளிகள் பிரிவுக்குள் தங்கும் நேரம் கூடியிருந்தது. வெளியேறும் வழி அடைபட்டிருக்கும்போது உள்ளே சேர்க்கும் படுக்கைகள், காத்திருப்பவரைக் கிடத்தும் இடமாகவே மாறும் என்பதை அது எண்களில் காட்டியது. பிரென்ட் ஆஸ்பிளினும் சக ஆய்வாளர்களும் 2003-இல் முன்வைத்த உள்வரத்து, உள்நடப்பு, வெளியேற்றம் என்ற மூன்று பகுதி விளக்கம் இதற்குப் பொருத்தமான சட்டகமாக அமைந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் மருத்துவமனையில் பீட்டர் விச்செலியோ 2000களின் தொடக்கத்தில் எடுத்த நடவடிக்கைக்கு ஒரு செங்கல்கூடத் தேவைப்படவில்லை: சேர்க்கை உறுதியானவர்களை அவசரப் பிரிவின் நடைபாதையிலிருந்து வார்டுகளின் நடைபாதைகளுக்குப் பகிர்ந்து அனுப்பினார். அங்கே போனவர்களில் கணிசமானோருக்குச் சீக்கிரமே படுக்கை கிடைத்தது. பிரிட்டனில் நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் வார்டில் சேர்க்கவோ வேறிடம் மாற்றவோ வீட்டுக்கு அனுப்பவோ வேண்டும் என்ற இலக்கு 2000-இல் அறிவிக்கப்பட்ட பின், அவசரப் பிரிவின் பக்கத்திலேயே குறுகிய கால கவனிப்பு வார்டுகள் முளைத்தன. இலக்கு தவறாமலிருக்க ஆளை அடுத்த அறைக்கு மாற்றும் தந்திரம் என்று சிலர் குறை சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தாலும், நெஞ்சுவலிக்காரரை ஓர் இரவு வைத்துப் பார்த்து வீட்டுக்கு அனுப்ப அந்த வார்டுகள் உண்மையிலேயே உதவின.

விரிவாக்கத்தின் இன்னொரு சிக்கல், பிரிவை ஒரு மணி நேரம்கூட மூட முடியாது என்பது. அதனால் வேலை கட்டம் கட்டமாக நடக்கும். முதலில் பக்கத்துக் காலியிடத்தில் புதுப் பகுதியைக் கட்டி நோயாளிகளை அங்கே மாற்றுவார்கள். பிறகு பழையதைப் பிரித்துச் சீரமைத்து இரண்டையும் இணைப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆம்புலன்ஸ் வரும் பாதையும் அறிவிப்புப் பலகையும் மாறும். இடிக்கும் தூசியில் பறக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு உயிராபத்து. ஆகவே வேலை நடக்கும் பகுதியைத் தடுப்புச் சுவரால் அடைத்து, அங்கே காற்றழுத்தத்தைக் குறைத்து வைப்பார்கள். ஆக்சிஜன் குழாயைப் பழையதோடு இணைக்கும் இரவில், உருளைகளோடு ஆட்கள் காத்திருப்பார்கள்.

பேரிடரை எதிர்பார்த்து மருத்துவமனையையே அவசரப் பிரிவாக விரியும்படி கட்டியதற்கு முக்கிய உதாரணம் டோக்கியோவின் செயின்ட் லூக்ஸ். 1945-இன் குண்டுவீச்சில் காயம்பட்டவர்களைக் கிடத்த இடமில்லாமல் தவித்ததை மறக்காத மருத்துவர் ஷிகேயாகி ஹினோஹாரா, 1992-இல் எழுந்த புதுக் கட்டடத்தின் நடைபாதைகளிலும் வழிபாட்டுக் கூடத்திலும் சுவருக்குள் ஆக்சிஜன் குழாய்களைப் பதிக்க வைத்தார். வீண் செலவு என்ற பேச்சு எழுந்தது. 1995 மார்ச் 20 அன்று சுரங்க ரயிலில் சாரின் நச்சு வாயு பரவியபோது ஒரே நாளில் 640 பேரை அந்த மருத்துவமனை ஏற்றது. குழாய்கள் பயன்பட்டன, ஆனால் நோயாளிகளின் உடையிலிருந்து கசிந்த நஞ்சு பணியாளர்களையும் தாக்கியது, காற்றோட்டம் குறைந்த வழிபாட்டுக் கூடத்தில் பணியாற்றியவர்களை மிக அதிகமாக. நச்சுநீக்கக் குளியலறையை வாசலுக்கு வெளியே அமைக்க வேண்டும் என்ற விதிக்கு இந்த அனுபவம் வலுச் சேர்த்தது.

2003-இல் டொரண்டோவின் ஸ்கார்பரோ கிரேஸ் மருத்துவமனையில் சார்ஸ் நோயாளி ஒருவர் அவசரப் பிரிவில் பல மணி நேரம் மற்றவர்களோடு கிடந்தார். திரைச்சீலைக்கு அப்பால் படுத்திருந்தவர்களுக்குத் தொற்றியது. நடனக் கூடத்தின் காலம் அத்தோடு முடிந்தது எனலாம். சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழக மருத்துவமனை 2012-இல் திறந்த கோபுரக் கட்டடத்தில், தொகுதிகளைத் தனித்தனியே குறைந்த காற்றழுத்தத்துக்கு மாற்றலாம். ஆம்புலன்ஸ் நிறுத்தகத்தை அடைத்து நோயாளிகளைச் சோதிக்கும் இடமாக்கலாம். நுழைவுக் கூடத்தின் தூண்களில் ஆக்சிஜனும் மின் இணைப்பும் மறைந்திருந்தன. 2020-இல் அந்த நிறுத்தகம் உண்மையாகவே கோவிட் சோதனை இடமாயிற்று. இவ்வளவு பெரும் செலவில்லாத மாற்றமும் பலன் தந்திருக்கிறது. பிரிட்டனின் வடிவமைப்பு மன்றத்துக்காக பியர்சன்லாய்டு நிறுவனம் 2011-இல் உருவாக்கிய சுவர்ப் பலகைகள், நோயாளி இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறார், ஏன் காத்திருக்கிறார் என்பதை எளிய மொழியில் சொல்லின. அவற்றைச் சோதித்துப் பார்த்த பிரிவுகளில் மிரட்டலும் ஆவேசமும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கட்டட மரபு ஆங்கிலேயர் வழியே வந்தது. 1664-இல் கோட்டைக்குள் தொடங்கி 1772-இல் இன்றைய இடத்துக்கு மாறிய சென்னை அரசுப் பொது மருத்துவமனை தொடங்கி மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் வரை, வாசலை ஒட்டிய கேஷுவாலிட்டியில் பணி மருத்துவர் பார்த்து வார்டுக்கு அனுப்புவதே நீண்ட காலம் நடைமுறை. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்த பின் நோயாளிகள் வரும் வேகமும் எண்ணிக்கையும் மாறின. அடுத்த ஆண்டு அவசர மருத்துவம் இந்தியாவில் தனித்துறையாக அங்கீகாரம் பெற்றது. பின்னர் மாநில அரசு தொடங்கிய விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளின் கேஷுவாலிட்டிகள் டிரையேஜ் இடம், உயிர்மீட்பு அறை, சிவப்பு, மஞ்சள், பச்சைப் பகுதிகள் எனப் பிரித்து அமைக்கப்பட்டன. கோவிட் தொற்று உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில் சென்னைப் பொது மருத்துவமனையின் வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்று, உள்ளே இருந்தவர்களுக்கு வண்டியிலேயே ஆக்சிஜன் செலுத்த நேர்ந்தது. இறங்கியவுடன் படுக்கை கிடைக்க ‘ஜீரோ டிலே’ வார்டுகள் அவசரமாக உருவாக்கப்பட்டன.